கருப்பட்டியிலுமா சீனி?

உடன்குடி வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கே நல்ல கருப்பட்டி கிடைக்காது என்றால், இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவ்வளவு பெருமையாக இருந்தது. இப்போதோ சந்தையில் வாங்கி வந்த வட்டை உடைத்தால், உட்புறம் வெள்ளைச் சீனியின் பரல்கள் பளபளவென்று மின்னுகின்றன. வாயில் போட்டால் பனையின் மணமில்லை, கருப்பட்டிக்கே உரிய அந்த லேசான கரிப்பும் இல்லை. நாக்கைத் திகட்டவைக்கும் வெறும் தித்திப்புத்தான் மிஞ்சுகிறது.

விடியற்காலையில் பனையேறி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரை, அடிபிடிக்காமல் கிளறிக் கிளறிக் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றியெடுக்கும் குடும்பங்களின் உழைப்பை, ஒரு மூட்டைச் சீனியைக் கொட்டிக் கெடுப்பதற்கு எப்படித்தான் மனம் வருகிறதோ! பெரியவளான பெண்ணுக்கு நல்லெண்ணெய் விட்டுக் கிண்டும் உளுந்தங்களிக்கும் இதுதானா? மழைநாளில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிக்கும் சுக்குக் காப்பிக்கும் இதுதானா? பேரப்பிள்ளைகள் அடுக்களைக்குள் ஓடி வந்து, ஒரு துண்டு கேட்டுக் கையை நீட்டும்போது, ஆச்சி எதை உடைத்துக் கொடுப்பார்?

விலையையாவது குறைக்கிறார்களா? அதுவும் இல்லை. அசலுக்குரிய விலையை வாங்கிக்கொண்டு, “சுத்தமான சரக்கு அண்ணாச்சி” என்று முகத்துக்கு நேராகக் கூசாமல் சொல்கிறார்கள். கேட்கும்போதே வயிறு எரிகிறது.