புது மண்டபத்துத் தையல் சத்தம்

வெளிச்சமும் ஒழுங்கும் கண்ணுக்குத் தெரிந்தாலே ஒரு ஊர் நமக்குப் பிடித்துப்போகும் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். மதுரையில் வளர்ந்த என்னால் அதை ஏற்க முடியவில்லை.

சின்ன வயதில் பாவாடை தைக்க அம்மா என்னைப் புது மண்டபத்துக்குத்தான் கூட்டிப்போவார். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே கால் வைத்ததும் ஜில்லென்று இருக்கும். சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் வரிசையாகத் தடதடக்கும். புதுத் துணி வாசத்தோடு மெஷின் எண்ணெய் வாசமும் கலந்து வரும். பிறகு கடைகளைக் குன்னத்தூர் சத்திரம் வணிக வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களைக் காப்பாற்ற அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் கண்ணை மூடி மதுரையை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அந்தத் தடதடப்புதான்.

அப்புறம் மல்லி. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது சந்தோஷம். ஆனால் சாயங்காலம் மொட்டாக வாங்கிய சரம் வீடு வந்து சேர்வதற்குள் விரிந்து டவுன் பஸ் முழுக்க மணக்குமே, அதை எந்தச் சான்றிதழில் எழுத முடியும்?

கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிகள் போகத் தடை போட்டது நல்ல காரியம். ஹாரன் இல்லாததால் பூக்காரம்மா கூப்பிடுவது காதில் விழுகிறது. தரைக்கல்தான் கொடுமை. போன கோடையில் ஒரு பாட்டி செருப்பில்லாமல் நிழலுக்கு நிழல் ஓடி ஓடி நின்றார். கல் பதிக்கத் திட்டம் போடுகிறவர்கள் மே மாதம் மதியம் 2 மணிக்கு ஒரு தடவை அங்கே வெறுங்காலோடு நடந்து பார்க்கட்டும்.