விபிஎன் போட்டாச்சு, இனி எவனும் உள்ள வர முடியாதா?

"ஆபீஸ் விபிஎன் ஆன்ல இருந்தா வீட்ல இருந்து வேலை பாக்குறவங்கள எந்த ஹேக்கராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, கிளவுட் செக்யூரிட்டி எல்லாம் காசு புடுங்குற வேலை"னு ஒரு ஃபார்வர்ட் சுத்திட்டு இருக்கு. தப்புங்க.

விபிஎன் போற வழில டேட்டாவ யாரும் படிக்க முடியாம பூட்டி அனுப்பும், உங்கள ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள விடும், அவ்ளோதான். வர்றது நீங்களா இல்ல உங்க பாஸ்வேர்ட திருடினவனானு அதுக்கு தானா தெரியாது.

2021 மே மாசம் அமெரிக்கால கொலோனியல் பைப்லைன் கம்பெனில இதான் நடந்துச்சு, யாரும் யூஸ் பண்ணாம கிடந்த ஒரு பழைய விபிஎன் அக்கவுண்ட், ஓடிபி மாதிரி ரெண்டாவது செக் எதுவும் கிடையாது, வெறும் பாஸ்வேர்ட வெச்சே உள்ள பூந்துட்டானுங்க, கடைசில கம்பெனி தன்னோட சுமார் 8,850 கிலோமீட்டர் எரிபொருள் குழாய நாள் கணக்குல நிறுத்தி, அந்த ஹேக்கருங்களுக்கு பணயமா 75 பிட்காயின், அதாவது அப்போ ஏறக்குறைய 44 லட்சம் டாலர், அழுதாங்க. இத்தனைக்கும் அது கஷ்டமான பாஸ்வேர்ட்தானாம், சிஇஓவே செனட்ல சொன்னாரு!

அந்த ஃபார்வர்ட் திட்டுற கிளவுட் செக்யூரிட்டில வர்ற ஜீரோ டிரஸ்ட், அதாவது யாரையும் கண்ண மூடி நம்பாத முறை, வேற மாதிரி. ஆள் யாரு, லேப்டாப் அப்டேட் ஆகியிருக்கானு ஒவ்வொரு தடவையும் பாத்து, கேட்ட அந்த ஒரு ஆப்ப மட்டும் திறந்துவிடும், அதனால ஒருத்தன் நுழைஞ்சாலும் ஆபீஸ் நெட்வொர்க் முழுக்க சுத்த முடியாது. காசு ஆகும்ங்கறது உண்மைதான், தப்பா செட் பண்ணா அதுவும் ஓட்டைதான். அது வர்ற வரைக்கும் விபிஎன்லயே ரெண்டாவது செக்க போடுங்க, வேலைய விட்டு போனவங்க அக்கவுண்ட அன்னிக்கே மூடுங்க.