மார்க் ஸ்லைடுக்கா, யோசனைக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் பிள்ளைகளுக்காக நடக்கிற மென்பொருள் யோசனைப் போட்டிகளில், கிடைத்தவரைப் பிடித்து நடுவர் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். நன்கொடை கொடுத்தவர், அவருடைய நண்பர், மேடையில் நன்றாகப் பேசுகிறவர் என்று ஆள் சேர்கிறது. நம் ஆட்கள் அதிகம் வாழ்கிற சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் பிள்ளைகள் ராத்திரி கண் விழித்து யோசித்துக் கொண்டுவருவதை இவர்கள் பத்து நிமிடம் கேட்டுவிட்டு மார்க் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இந்த முறை நானும் அந்த வரிசையில் ஒரு நடுவர். அங்கே நடந்ததை விழுங்கிக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

பள்ளியின் கடைசி வருடமான மெட்ரிக் படிக்கிற ஒரு பையன் வந்தான். ஸ்லைடு கிடையாது, கையால் எழுதிய சில தாள்கள்தான். அவன் பேசியது கப்பல் பட்டியல்களைப் பற்றி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் இங்கே வந்து சேர்ந்ததில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கிற இந்த நேட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் இருந்தும் நம்மால் நம் ஆட்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. காரணம், தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ஒரே பெயர் ஒரு பக்கத்தில் முனிசாமி, இன்னொரு பக்கத்தில் மூன்சாமி. அதோடு இன்றைக்கு நாம் குடும்பப் பெயராக வைத்திருப்பது பல வீடுகளில் அன்று கப்பலில் வந்த மனிதரின் சொந்தப் பெயர். குடும்பப் பெயர் என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

உச்சரிப்பை வைத்துப் பெயர் தேடுகிற சவுண்டெக்ஸ் என்ற பழைய முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை வாங்கியது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கிவிட்டு, மீதி எழுத்துகளை எண்ணாக மாற்றும். அந்தப் பையன் அதைத் தாளில் கைக்கணக்காகவே போட்டுப் பார்த்திருக்கிறான். முனிசாமியும் மூன்சாமியும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் கவுண்டருக்கு ஜி536, கோவெண்டருக்கு ஜி153. இரண்டும் ஒரே பெயர் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அந்த முறைக்குத் தெரியாது. ஏனென்றால் அது ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்தது. அதன் மேல் தமிழ்ப் பெயர்களுக்கென்று தனி விதிகள் எழுத வேண்டும், அப்பா பெயரையும் ஊரையும் சேர்த்துத் தேட வேண்டும், கணினித் திரையில் ஒரு பக்கம் பழைய பட்டியலின் படம், மறுபக்கம் குடும்ப மரம் இருக்க வேண்டும் என்கிறான். எந்த விதி எங்கே தவறும் என்பதையும் அவனே எழுதி வைத்திருக்கிறான். பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை! எனக்கு மெய் சிலிர்த்துப்போனது.

நடுவர்கள் கேட்டது என்ன தெரியுமா? “இதில் ஏ.ஐ. எங்கே தம்பி?” அப்புறம், “முன்னோர்களைத் தேடத்தான் ஏற்கெனவே வெப்சைட் இருக்கிறதே?” அதற்கும் மேலே ஒருவர், “இந்தக் காலத்தில் டெஸ்க்டாப்பை யார் தொடுகிறார்கள், ஃபோனில் செய்யலாமே?”

அவன், “அங்கிள், பட்டியலைப் பெரிய திரையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான்...” என்று ஆரம்பித்தான். நேரம் முடிந்தது என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கையெழுத்தை உள்ளங்கை அகலத் திரையில் யார் வாசிப்பது? இதைத் தேடுகிறவர்களில் எத்தனை பேர் கண்ணாடி போட்ட தாத்தா பாட்டிகள்! டேட்டா விலை ஏறிக் கிடக்கிற ஊரில், ஒரு முறை ஏற்றிவிட்டால் இணையமே இல்லாமல் ஓடுகிற புரோகிராம் வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குப் புரிகிறது. காரில் வந்து இறங்கிய பெரிய மனிதர்களுக்குப் புரியவில்லை.

முதல் பரிசு யாருக்குப் போனது? மருத்துவம், பள்ளி, வேலைவாய்ப்பு, கடை என்று எல்லாவற்றையும் ஏ.ஐ. கொண்டு இணைக்கப்போவதாகச் சொன்ன ஒரு குழுவுக்கு. பளபளக்கிற ஸ்லைடு, பின்னணியில் இசை வேறு. “இதை முதலில் திறக்கப்போகிற ஆள் யார்? திறந்ததும் அவர் என்ன செய்வார்?” என்று கேட்டேன். “எல்லோரும் பயன்படுத்துவார்கள்” என்றார்கள். அவ்வளவுதான் பதில். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எதற்குப் பரிசு விழுகிறது என்று போன வருடம் பார்த்திருக்கிறார்கள், அதையே செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். கோபமெல்லாம் அதற்கு மார்க் போட்டவர்கள் மேல்தான்.

இன்னொரு யோசனையும் கண்முன்னே அநியாயமாகப் போனது. கோயில் கணக்கு பார்க்கிற ஓர் அக்கா வந்திருந்தார். தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுக்கிறவர்களின் பதிவு, ரசீது, வரவு, இதற்கு மட்டும் ஒரு சின்ன புரோகிராம் கேட்டார். 2022லும் 2023லும் லோட் ஷெடிங் என்ற முறை வைத்த மின்வெட்டு நம்மை எப்படி ஆட்டி வைத்தது என்று மறந்துபோயிற்றா? அவர் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போய், எக்செல் கோப்பே திறக்காமல் போயிருக்கிறது. வரிசையில் நின்றவர்களிடம் மறுபடி பெயர் கேட்டு எழுதியிருக்கிறார். கரண்ட் போனாலும் கடைசி ரசீது அழியக் கூடாது, பக்தர்களின் விவரம் கோயில் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. இந்த இரண்டும்தான் அவருக்கு வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து கட்டாயமாகிவிட்ட நாட்டில் இது எவ்வளவு பொறுப்பான எண்ணம்! செய்வதும் முடியாத காரியம் இல்லை. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். எழுதும்போது பாதியில் கரண்ட் போனால், திரும்பத் திறக்கும்போது அந்தப் பாதிப் பதிவை நீக்கிவிட்டு முந்தைய நல்ல நிலைக்கு வந்துவிடும். கணினி படிக்கிற கல்லூரிப் பிள்ளை ஒருவரால் விடுமுறையில் செய்து கொடுக்க முடியும். நடுவர் எழுதிய குறிப்பு: “மிகவும் சாதாரணம்.”

சாதாரணமாம்! 1979இல் வெளிவந்த விசிகால்க் என்ற கணக்கு அட்டவணை புரோகிராம் என்ன பெரிய மாயமா? டான் பிரிக்லின் ஹார்வர்டில் வணிகம் படிக்கிற மாணவர். கணக்கு அட்டவணையில் ஒரு எண்ணை மாற்றினால் மற்ற எண்களையெல்லாம் அழித்து அழித்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறதே, கணினியே மாற்றிக்கொண்டால் என்ன என்று நினைத்தார். பாப் ஃப்ராங்க்ஸ்டன் சேர்ந்து எழுதினார். அந்த ஒரு புரோகிராமுக்காகவே ஆப்பிள் II கணினியை வாங்கினவர்கள் உண்டு. நம் நடுவர்கள் முன்னால் பிரிக்லின் நின்றிருந்தால், “கால்குலேட்டர்தான் இருக்கிறதே தம்பி” என்று சொல்லி உட்கார வைத்திருப்பார்கள்.

“ஏற்கெனவே இருக்கிறதே” என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. நீங்கள் அதைத் திறந்து பார்த்தீர்களா? உங்கள் கொள்ளுப்பாட்டனைத் தேடி, அவர் கிடைத்தாரா? ஒரு முறையாவது செய்து பார்க்காமல் அந்த வாக்கியத்தைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மார்க் தாளைப் பார்த்தேன். புதுமைக்கும் பேசுகிற அழகுக்கும் சேர்த்துப் பாதிக்கு மேல் மார்க். யாருடைய கஷ்டம் இது, அவரைப் போய்ப் பார்த்தாயா, இன்றைக்கு அவர் அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்க ஒரு வரிகூட அதில் கிடையாது. போட்டி நடத்துகிறவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன். யோசனைகளை ஒரு வாரம் முன்னதாக நடுவர்கள் கையில் கொடுங்கள், படித்துவிட்டு வரட்டும். ஸ்லைடையும் இசையையும் தூக்குங்கள். கோயில் கணக்கு பார்க்கிறவரையும், பட்டியல் தேடுகிற பாட்டியையும் நடுவர் வரிசையில் உட்கார வையுங்கள். அந்தப் பையனையும் அக்காவையும் திரும்பக் கூப்பிட்டு முழுதாகப் பேசவிடுங்கள். இதெல்லாம் முடியாதென்றால் அடுத்த வருடம் நடுவர் என்று என் பெயரைப் போடாதீர்கள்.