ஆர்வம் இருந்தால் ரயிலில் டிக்கெட் கேட்க மாட்டார்களா?

சென்னையில் ஓர் ஓவியக் கேலரி இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் கேட்டு வெளியிட்ட அந்த அறிவிப்பை மறுபடி இங்கே ஒட்டப்போவதில்லை, எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆறு மாதம், சம்பளம் கிடையாது, "கேலரி அனுபவம் கிடைக்கும்". அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பயணச் செலவாவது தருவீர்களா என்று கேட்ட காட்பாடிப் பெண்ணுக்கு வந்த பதில்தான் தூங்கவிடவில்லை: "ஆர்வம் இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்."

ஆர்வம் இருக்கிறது ஐயா. சம்பளம்தான் இல்லை.

சமகால ஓவியங்களை விற்கும் கேலரியில் கற்க ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. படிப்பு முடிந்த கையோடு நானும் சென்னையில் அப்படி ஓர் இடத்தில் இருந்திருக்கிறேன். ஓவியம் வந்து இறங்கியதும் சட்டத்தில் எங்கே கீறல், வண்ணம் எங்கே பெயர்ந்திருக்கிறது என்று புகைப்படத்தோடு குறித்துவைக்க அங்கேதான் பழகினேன். பபிள் ராப்பின் குமிழ்ப் பக்கம் வண்ணத்தின்மேல் பட்டால் தடம் விழும் என்பதும், ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடியில் வரும்படி மாட்ட வேண்டும் என்பதும் வகுப்பறையில் யாரும் சொல்லித்தராதவை. ஆனால் இதெல்லாம் வேலை. விற்ற விலையில் பாதியைக் கேலரி எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். அந்தப் பாதிக்குள் எங்கள் மதியச் சாப்பாடு அடங்காதா?

"சின்ன கேலரி, மாதக்கணக்கில் ஒன்றும் விற்காது" என்பார்கள். உண்மைதான். கட்டட உரிமையாளரிடமும் வாடகைக்குப் பதில் அனுபவம் தருவதாகச் சொல்லிப் பார்த்தார்களா?

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே." நல்லது.

இன்னொருவர் சென்னைக்குப் பக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை இழுத்திருக்கிறார். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு போய் அந்த மணலில் குடியேறியவர்கள் சம்பளமா கேட்டார்கள் என்கிறார். அவர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுச் சாப்பிட்டார்கள். நின்றது சொந்த மண்ணில், வரைந்தது சொந்த ஓவியம். அடுத்தவர் கடையில் இலவசமாக ஆணி அடிக்கவில்லை. தியாகத்தை உதாரணம் காட்டுகிறவர் முதலில் அதன் கணக்கைப் படிக்கட்டும்.

சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் யாரால் இருக்க முடியும்? சென்னையில் அப்பாவுக்கு வீடு இருந்தால் முடியும். எனக்குத் தெரிந்து வேலூரில் அப்படியொரு கேலரியே கிடையாது. காட்பாடியிலிருந்து ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்; தினமும் போய்வர முடியாவிட்டால் விடுதி வாடகை. பிறகு இந்தத் துறையில் ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகளாக இருக்கிறார்களே என்று கருத்தரங்கம் வேறு நடத்துவீர்கள்.

நான் இருந்த கேலரியில் என் ஊரைக் கேட்டவர்களெல்லாம் சொன்னது ஒன்றுதான்: "வேலூரா? சி.எம்.சி.க்கு வந்திருக்கிறேன்." கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பற்றி, பாயும் யாளிகளைப் பற்றி, ஒரு மதியம் உரிமையாளரிடம் ஆசையாகச் சொன்னேன். அன்று மாலைத் திறப்பு விழாவில் ஒரு வாடிக்கையாளரிடம் அதையே தானே கண்டுபிடித்ததுபோல் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் ஜூஸ் தட்டோடு நின்றேன். "இவர் அந்த ஊர்தான்" என்று ஒரு வார்த்தை வரவில்லை. சம்பளம் இல்லாத இடத்தில் பெயரும் இருக்காது போலிருக்கிறது.

பழைய கசப்பை இப்போது கொட்டுகிறேன் என்று சொல்லுங்கள். ஆமாம், கொட்டுகிறேன். அந்தப் பெண் கேட்டது பயணச் செலவு மட்டும்தான்.

நான் இருந்தது எந்தக் கேலரி என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அதன் திறப்பு விழாக்களில் எடுத்த படங்கள் உங்களில் பலர் பக்கத்திலேயே இருக்கின்றன.