யாருமே இல்லாத ஊராம்!

தனுஷ்கோடி பத்தி ஒரு அண்ணன் போட்ட வீடியோவைப் பத்தி எழுதவே கூடாதுன்னு தான் இருந்தேன், ஆனா காலைலருந்து ஊர்க்காரனுங்களே வாட்ஸப்ல அனுப்பி "மாப்ள நம்ம ஊரு ட்ரெண்டிங்"னு பெருமைப்படுறானுங்க பாருங்க, அதான் தாங்கல. "இங்க ஒரு மனுஷன் கூட இல்லைங்க"ன்னு அந்த அண்ணன் ட்ரோன் விட்டு ஃபீல் பண்றாரு. அண்ணே, உங்க ட்ரோன் ஷாட்லயே குடிசை தெரியுது, வலை காயுது. பேய் காயப்போட்டுச்சா?

1964 டிசம்பர் புயல்ல ஊர் போச்சு, ரயிலோட போச்சு, வாழத் தகுதியில்லாத இடம்னு அரசாங்கமே சொல்லிருச்சு, எல்லாம் சரி. மீன்பிடிக்கிற சனம் திரும்பி வந்துச்சே, இன்னைக்கும் பாலம், கம்பிப்பாடுங்கிற குப்பங்கள்ல இருக்கே. ஆளு இருக்காங்கய்யா! எங்க அம்மாச்சி வழி சொந்தமே அங்க தான். 2017ல கடைசி முனையான அரிச்சல்முனைக்கு ரோடு வர்றதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்துலருந்து மணல்ல வேன்ல குலுங்கிக்கிட்டே போவோம். ரெண்டு பக்கமும் கடலு, நடுவுல சித்தி கையாலயே மணலைப் பறிச்சு, ஊறுற தண்ணிய சிரட்டைல மொண்டு மொண்டு குடம் நிரப்பும். நான் காலை விட்டுக் கலக்குனதுக்கு முதுகுல ஒண்ணு வச்சுச்சு. அப்படி ஒரு நல்ல தண்ணி.

"டூரிஸ்ட் வந்தா தானே உங்களுக்கு வியாபாரம்"னு ஒருத்தர் கண்டிப்பா வருவாரு. ஆமா சார், சங்கு விக்குது, பொரிச்ச மீன் விக்குது, இல்லைன்னு சொல்லல. அதுக்காக குடிசைக்குள்ள கேமராவ நுழைப்பீங்களா? "நீயே சென்னைல உக்காந்து தானே எழுதுற"ம்பாங்க அடுத்து. அங்க வேலை இருந்தா நான் ஏன்யா இங்க வாடகை குடுக்குறேன்?

ராமேஸ்வரம் ஒரு நகராட்சி, 2011 கணக்குலயே 44,000 பேருக்கு மேல. வர்றவனுக்குத் தெரிஞ்சது கோயில், 22 தீர்த்தம், அரிச்சல்முனைல ஒரு செல்ஃபி. ஓலைக்குடா, சங்குமால்னு மீன்பிடிக்கிற சனம் இருக்கிற இடத்தைச் சொன்னா முழிப்பான். இந்தப் பக்கம் தங்கச்சிமடம் மல்லிகை நாத்து எந்தெந்த ஊருக்கோ போகுது, அதுக்கு ரீல்ஸ் கிடையாது. பாம்பன் சின்னப்பாலத்துல பொம்பளைங்க விரல்ல துணியச் சுத்திக்கிட்டு முங்கி முங்கிக் கடல்பாசி எடுக்குறாங்க, அவங்கள்ல லட்சுமி மூர்த்தி 2015ல, தீவுகளைப் பாதுகாக்குறவங்களுக்குக் குடுக்குற சீகாலஜி விருதே வாங்குனாங்க, எத்தனை பேருக்குத் தெரியும்? 2025 ஏப்ரல்ல பாம்பன் புது ரயில் பாலம் திறந்தப்பவும் தூக்குப்பாலம் மேல போறதைத் தான் திருப்பித் திருப்பிக் காமிச்சாங்க, அடியில போற வள்ளத்துல யாரு இருக்கான்னு எவனும் கேக்கல. சரி விடுங்க, அது தனிப் பஞ்சாயத்து.

ஆபீஸ்லயும் இதே தான். ஊரு பேரைச் சொன்னா "ஓ, தாத்தா அஸ்தி கரைக்க வந்திருக்கோமே"ன்னு தான் ஆரம்பிப்பாங்க. எங்கப்பாவுக்கு அங்க வீடுங்க. உயிரோட இருக்காரு, மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு கடலுக்கும் போறாரு, நேத்து கூட டீசல் விலையப் பத்தி போன்ல என் காது தீயுற வரைக்கும் திட்டுனாரு.