தகுதிகாண் காலத்துக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லையா?

"முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், ஈபிஎஃப் தேவையில்லை, அது முதலாளிக்கு லாபம்" என்று யாழ்ப்பாணக் கடைக்காரர்களிடையே வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பிழை. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும்.

ஓவர்டைம் சேராமல் சம்பளம் 60,000 ரூபா என்றால், ஊழியரிடம் 8 வீதம், அதாவது 4,800 கழிக்கலாம். முதலாளி 12 வீதமாக 7,200 போடவேண்டும். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம், 1,800, முழுக்க முதலாளியின் பணம். அதையும் சம்பளச் சீட்டில் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஈபிஎஃப் பணத்தை அடுத்த மாத இறுதிக்குள் கட்டாவிட்டால், தாமதத்தைப் பொறுத்து 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். கணக்கெழுதப் பழக்கிய பெடியன் சீட்டைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனால், அது வேறு செலவு. நல்லூர்த் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுங்கள், நல்லதுதான்; இந்த நிலுவையில் அதைக் கழிக்கமுடியாது.