கோப்பைப் பார்த்தது காணும், பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கோ

பள்ளிக்கூடத்தின் தரம் பார்க்கிற வெளிவாரி மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் என்ன பாடுபடும் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். முற்றம் கூட்டி, கோப்புகளுக்குப் புது உறை போட்டு, வரவு இடாப்பில் விடுபட்ட கூட்டுத்தொகையை நிரப்பி, பாடக்குறிப்பில் பழைய திகதிகளுக்குக் கையெழுத்து வாங்கி... படிப்பிக்கிற வேலையைத் தவிர மற்ற எல்லாம் நடக்கும். நானும் ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் இப்படியான குழுக்களோடு போயிருக்கிறேன், ஆரும் சொல்லக் கேட்டு எழுதவில்லை.

நான் சொல்வது யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில், கத்தோலிக்கக் கோயில் மதிலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற ஆரம்பப் பாடசாலைகளைப் பற்றி. பெயர்ப்பலகையில் இன்னும் றோ.க.த.க., அதாவது றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை, என்றுதான் இருக்கும். 1960, 61 சட்டங்களோடு அரசாங்கம் பொறுப்பெடுத்துவிட்டது, ஆனால் ஊருக்கு அது இன்றைக்கும் கோயில் பள்ளிக்கூடம். கூரை ஒழுகினால் வலயக் கல்விப் பணிமனை சுவாமியாரைப் பார்க்கும், சுவாமியார் பணிமனையைப் பார்ப்பார்.

பிள்ளைகள் மொத்தம் நாற்பது பேர் இருந்தாலே பெரிய விஷயம். ஐந்தாம் வகுப்பில் ஐந்து பேர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை முடிவு வந்தவுடன் இந்த ஐந்து பேரில் 70 புள்ளிக்கு மேல் எத்தனை வீதம் என்று கணக்குப் பார்த்து, போன வருஷம் 40 வீதம், இந்த வருஷம் 20 வீதம், 'பெறுபேற்றில் பாரிய வீழ்ச்சி' என்று அறிக்கை எழுதுகிறார்கள். பாரிய வீழ்ச்சி என்பது ஒரு பிள்ளை ஐயா! தாய்தகப்பன் மீன்பிடிப் பருவத்துக்குக் கரையில் வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தொழில் செய்ய முல்லைத்தீவுப் பக்கம் போனபோது கூடப் போய், மாதக்கணக்கில் வகுப்புக்கு வராத பிள்ளையாக அது இருக்கலாம். அதைக் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

இந்தப் புள்ளிப் பைத்தியம் புதிதுமில்லை. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தொடங்கிய பிறகு, மிஷன் பள்ளிகளுக்கு நன்கொடை கொடுப்பதற்கு வித்தியாதரிசி, அதாவது பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கிற அதிகாரி, வந்து பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணக்கில் சோதித்தார், பெறுபேற்றைப் பார்த்துத்தான் காசு. காசுக்காக உருப்போட வைத்தால் என்ன மிஞ்சும், பிறகு கைவிட்டார்கள். ஆனாலும் அந்த மனிதர் பிள்ளையை முன்னால் நிறுத்தி அதன் வாயால் வாசிக்கக் கேட்டாரே. இன்றைக்கு வருகிறவர்களில் பலர் அதிபரின் அறையில் ரோல்ஸ் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, கோப்புப் புரட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து கடகடவென்று வாசித்தாள். என்னோடு வந்தவர் 'மிகச் சிறப்பு' என்று எழுதிவிட்டார். அவளின் கண் வரியோடு ஓடவில்லை, படத்திலேயே நிற்கிறது என்று எனக்குப் பட்டது. ஒரு தாளில் 'நண்டு வலையில் ஏறியது' என்று எளிதாக எழுதிக் காட்டினேன். முதல் எழுத்தில் விரலை வைத்தாள், விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு பக்கம் முழுக்கப் பாடம் பண்ணி வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி! கோயிலில் செபமும் பாட்டும் அப்படித்தானே பழகினாள். எழுத்தைத்தான் ஒருவரும் இருந்து சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்றாம், நாலாம் வகுப்பு இரண்டையும் ஒரே அறையில் ஒரு ரீச்சர் சமாளிக்கிறார், நாலாம் வகுப்புக்கு அடுத்த வருஷம் சோதனை என்று அவரின் நேரமெல்லாம் அந்தப் பக்கம் போகிறது. அந்த ரீச்சரில் எனக்குக் கோபம் இல்லை. 'பாவம், சின்னப் பள்ளிக்கூடம்' என்று இரக்கப்பட்டு நல்ல புள்ளி போட்டுவிட்டு வருகிறார்களே, அவர்களில்தான் கோபம். சின்னப் பள்ளிக்கூடத்தை இன்னும் இறுக்கமாகப் பார்க்க வேண்டும். நாற்பது பிள்ளை, ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றால் அரை நாளில் எல்லாப் பிள்ளையையும் வாசிக்கக் கேட்டு முடிக்கலாம். ஆயிரம் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தில் நினைத்தாலும் முடியாத வேலை, இங்கே கையில் கிடக்கிறது, செய்ய ஆள் இல்லை.

இதைச் சொன்னால் 'அப்ப மூடிப்போட்டு டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமே' என்று ஒரு கூட்டம் வரும். சரி, மாதா மாதம் ஓட்டோவுக்குக் காசு கட்டக்கூடியவர்கள் எப்போதோ அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஏலாதவர்களின் பிள்ளைகள், அவர்களை எங்கே அனுப்பப் போகிறீர்கள்?

கோயில் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். திருவிழாவுக்கு லைட், வெளிநாட்டுக் காசில் புது முகப்பு, எல்லாம் சந்தோஷம். மதிலுக்கு இந்தப் பக்கம் பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவு இல்லை, சாக்கு தொங்குகிறது. பழைய மாணவர்கள் இப்போது வாட்ஸ்அப்பில் நுழைவாயில் வளைவு கட்டக் காசு சேர்க்கிறார்கள். முதலில் ஒரு கதவும் கொஞ்சம் கதைப்புத்தகமும் வாங்குவோம் என்று அதில் எழுதினேன். ரொறொன்ரோவில் இருந்து ஒரு தம்பி பதில் போட்டார்: "ரீச்சர், வளைவு எண்டால் பேர் பொறிக்கலாம், கக்கூஸ் கதவில என்னத்தைப் பொறிக்கிறது?"